கெட்டுப்போன பிளம் சாராயம்

ஸ்கலிட்சா
2021 மார்ச் 14, ஞாயிறு

அன்புள்ள அமாலியாவுக்கு,

நானும் டோர்காவும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஆஸ்திரியாவில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல். உனக்குப் பதிலாக வேலைக்கு வர வேண்டிய பெண் கொரோனா படுக்கையிலிருந்து சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்பது இரண்டாவது. எல்லையை இப்படி இறுக்கி மூடியிருக்கும்போது அவள் வராமல் நீ கிளம்ப முடியாது என்பது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன, உப்பு டப்பா எங்கே என்று தெரியாவிட்டாலும் உன் பெயரைத்தான் கூப்பிடுகிறேன். டோர்கா சிரிக்கிறாள்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். என் புத்தி உனக்குத் தெரியாததா? இத்தனை வருஷமாக ரயில்வே ஸ்டேஷனில் சிக்னல் அறை வேலை. அங்கே போனில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும். வீட்டுப் போனை எடுத்தாலும் யாரோ பதிவு செய்கிற மாதிரியே இருக்கிறது. நீ "அந்தச் சின்ன பாட்டில்" என்று ஆரம்பித்தாலே எனக்கு வியர்க்கிறது. அப்படியானால் காகிதத்தில் எழுதுவது மட்டும் புத்திசாலித்தனமா என்று கேட்காதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நீ போட மாட்டாய் என்றும் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. போன புதன்கிழமை குளிக்கப் போன டோர்கா பாதியில் திரும்பி வந்து, "அப்பா, கதவச் சாத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். பதினேழு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டுக் குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்தேதான் இருந்திருக்கிறது. வலிப்பு வந்து விழுந்தால் ஓட வேண்டுமே. தாழ்ப்பாள் மட்டும் போடாதே என்றேன். சாத்திக்கொண்டாள். நான் வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு பாட ஆரம்பித்தாள். மூக்கால் பாடுகிறாள், உன் குடும்பத்துச் சொத்து. சாத்திய கதவுக்குப் பின்னால் என் மகள் தனியாகப் பாடுகிறாள் என்று நினைத்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன், அமாலியா. தேவாலயத்தில் முழங்கால் போட்டபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

எல்லாம் அந்த எண்ணெய் வந்த பிறகுதான். போன இலையுதிர் காலத்தில் நீ அதைத் தலைமுடி உலர்த்தும் மெஷின் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தபோது, "கஞ்சாவா? என் வீட்டுக்குள்ளயா?" என்று நான் போட்ட கூச்சலில் கோழிகள் பறந்தன. ரயில்வேக்காரன் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பவன். நீ நிற்காமல் போனாய். மாத்திரைகள் பாட்டுக்கு மாத்திரைகள். அதோடு காலையிலும் மாலையிலும் நாக்குக்கு அடியில் சில சொட்டுகள். அன்றிலிருந்து பெரிய வலிப்பு ஒன்றுகூட வரவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது கண் நிலைகுத்திப் போகுமே, அதுகூட எப்போதாவதுதான். நேற்று சூப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து மேஜைக்கு அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். சூப்பில் உப்பு அதிகம். இரண்டு தட்டு குடித்தேன்.

தலைநகரில், பிராட்டிஸ்லாவா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மாவிடம் நான் எண்ணெயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் டோர்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க வீட்ல என்ன செய்றீங்கன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேணாம். ஆனா கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிருவோம். மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். நான் வெளியே வந்து தொப்பியை மறந்துவிட்டு, திரும்பப் போய் எடுத்தேன். அப்போது அவரே கதவருகில் வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இது கேட்பதில்லை, கேட்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது தனக்கே சிலிர்க்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே செடி. அதிலிருக்கும் ஒன்று தலையைச் சுற்ற வைக்கிறது. இன்னொன்று, இந்த சி.பி.டி., சுற்றுகிற தலையைப் பிடித்து நிறுத்துகிறது. நம் நாட்டுப் போதைப் பொருள் பட்டியலில் இரண்டின் பெயரும் இருக்கிறது. அக்காள் ஊர் சுற்றினாள் என்று தங்கையையும் சேர்த்துப் பூட்டிவைத்த மாதிரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், செக் நாட்டில், உன் அண்ணன் போகுமில் இருக்கிற ஊரில் அதை ஷாம்புவுக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். மொராவா அப்படி ஒன்றும் அகலமான ஆறு இல்லை. நம் வாத்துகள் காலையில் இந்தக் கரையில் மேய்கின்றன, மாலையில் அந்தக் கரையில்.

பட்டியலிலிருந்து தங்கையின் பெயரை எடுக்கப்போகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். மே முதல் தேதியிலிருந்தாம். நம் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதுவரை தாங்காது. அது தீர்ந்து, இவளுக்குப் பழையபடி ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பிலேயே நான் ரயில்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டம் அக்கரையில்தானே இருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்கள் கொடிகளைக் கத்தரிக்கிற கவாத்து வேலைக்குப் போய்வரலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். போகுமில் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். திரும்பி வரும்போது போலீஸ் நிற்கும். பிடிபட்டால் வழக்கு. வழக்கு இருக்கிற ஆளைச் சிக்னல் அறையில் உட்கார வைக்க மாட்டார்கள். நீயும் அங்கே, நானும் உள்ளே என்றால் டோர்காவை யார் பார்ப்பது? போக பயமாக இருக்கிறது. போகாமல் இருக்க அதைவிட பயமாக இருக்கிறது. நீ சொல். போனில் வேறு எதுவும் வேண்டாம், "கத்தரி தீட்டியாச்சா" என்று மட்டும் கேள், நான் கிளம்பிவிடுகிறேன்.

அந்த அம்மாளைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உன்
காஷ்பர்


ஸ்கலிட்சா
2021 ஏப்ரல் 8, வியாழன்

அன்புள்ள அமாலியாவுக்கு,

நீ அனுப்பிய ஈஸ்டர் வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. டோர்கா அதைத் தன் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். இந்த வருஷம் ஈஸ்டர் திங்கள் அன்று பெண்கள் மேல் தண்ணீர் ஊற்ற எந்தப் பையனும் தெருவில் வரவில்லை, கொரோனா. பெண் இருக்கும் வீடு வறண்டு கிடக்கக்கூடாது என்று நானே ஒரு குவளைத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினேன். அவள் வாளியோடு என்னைக் கோழிக்கூடு வரைக்கும் துரத்தினாள். ஓடினாள், அமாலியா. நம் டோர்கா ஓடினாள். நான் நனைந்துகொண்டே நின்று பார்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நீ கத்தரியைப் பற்றிக் கேட்ட மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன் அப்பாவின் கொடி வரிசைகளைக் கவாத்து செய்து முடித்தேன். சும்மா பேருக்குச் செய்தேன் என்று நினைக்காதே, ஒழுங்காகவே வெட்டினேன். பிறகு போகுமில் தன் பாதாள அறைக்குக் கூட்டிப்போனான். மேஜையில் சின்னச் சின்ன சொட்டு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் அந்தச் செடியின் இலைப்படம். இதோடு எல்லையைத் தாண்ட முடியாது என்றேன். உன் அண்ணன் இருக்கிறானே, பெரிய மூளைக்காரன். அவ்வளவையும் ஒரு பழைய பிளம் சாராய பாட்டிலில் ஊற்றிக் கார்க்கை அழுத்தினான். "மாப்ளே, நம்ம பக்கத்துல ஒருத்தன் சட்டைப்பையில பிளம் சாராயம் இல்லாம எல்லையத் தாண்டினாத்தான் போலீசுக்குச் சந்தேகம் வரும். இதோட போ, ஒரு பய கேக்க மாட்டான்" என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு பேரில் ஒருவனுக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும். குளிரில் நிற்கிற போலீஸ்காரன் சாராயத்தைப் பார்த்தால் என்ன செய்வான் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

திரும்பும் வழியில் தோட்டப் பாதையின் முனையில் நின்றது நம் உர்பன். சர்ச் தெரு உர்பன்தான், இப்போது சார்ஜென்ட். விடிந்ததிலிருந்து பனிமூட்டத்தில் நிற்கிறான், மூக்கு பீட்ரூட் நிறத்தில். "என்ன காஷ்பர் அண்ணே, கவாத்து முடிஞ்சுதா?" என்றான். முடிந்தது என்றேன். என் கோட்டுப் பையிலிருந்து பாட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். நான் ஆற்றுப் பக்கம் பார்த்தேன். "அண்ணே, தம்பி குளிர்ல வெறைச்சு நிக்கிறேன், நீங்க பாட்டுக்குப் போறீங்களே" என்றான்.

உனக்கே தெரியும், திராட்சைத் தோட்டத்திலிருந்து பாட்டிலோடு வருகிறவன் எதிரே வருகிறவனுக்கு ஊற்றாமல் போனால் அது செருப்பால் அடிப்பதற்குச் சமம். மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். இந்த வருஷச் சரக்கு சரியில்லை என்றேன். "சரியில்லேன்னா அத ஏன் நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறீங்க?" என்றான். டூட்டியில் குடிக்கலாமா என்றேன். "டூட்டியில இருக்கிறதாலதான் கேக்கறேன்" என்று தன் டீ பிளாஸ்க்கின் மூடியை நீட்டினான். "கொரோனா காலம், வாய் வெச்சுக் குடிக்க மாட்டேன். இதுல ஊத்துங்க." பெரிய மூடி.

ஊற்றினேன். வேறு வழி இல்லை. அது சாராயம் மாதிரி சளசளவென்று விழவில்லை, தேன் மாதிரி இறங்கியது. அவன் மூடியைக் குனிந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் கோப்பையைத் தூக்கியதும் எதிராளியின் கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும் என்பது நம் ஊர் மரியாதை அல்லவா? மரியாதைக்காரன். முகக்கவசத்தை இறக்கி, என் கண்ணையே பார்த்துக்கொண்டு, "உங்க ஆரோக்கியத்துக்கு" என்று ஒரே மடக்கில் கவிழ்த்தான். கவிழ்த்த பிறகும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மெதுவாக மாறியதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

"காஷ்பர் அண்ணே, இது என்ன எண்ணெய்?" என்றான்.

பூசணி விதை எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நான் வேலையில் பொய் சொல்லிப் பழகாதவன். "டோர்காவுக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அவன் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தான். அவர்களுக்குப் பயிற்சியில் அந்த வாசனையைக் காட்டியிருப்பார்கள் போல. பாட்டிலைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். நான் எல்லைக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலை போவது, வீட்டில் போலீஸ் நுழைவது, டோர்கா குளியலறைக் கதவை மறுபடியும் திறந்து வைத்துக்கொண்டு குளிப்பது எல்லாம் என் கண் முன்னால் வந்துவிட்டது.

அவனும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பார்த்தால் அவன் முகம் என் முகத்தைவிட வெளுத்திருக்கிறது. "அண்ணே, நான் முழு மூடியும் குடிச்சிட்டேன். எனக்கு இப்ப என்ன ஆகும்?" என்றான். ஒன்றும் ஆகாது என்றேன். "பட்டியல்ல இருக்கிற சாமானு. ஒண்ணும் ஆகாதுன்னா எப்படி?" என்று இடுப்பைக் காட்டினான். "எனக்குப் புத்தி பெரண்டுச்சுன்னா நீங்க மொதல்ல இந்தத் துப்பாக்கியப் புடுங்கி வெச்சிக்குங்க. எம் பொண்டாட்டிக்குச் சொல்லிராதீங்க."

அமாலியா, கஞ்சா கடத்திய நானும் பிடித்த போலீஸ்காரனும் ஒரே கல்லில் உட்கார்ந்து அவனுக்குப் புத்தி பிறழ்வதற்காகக் காத்திருந்தோம். அவன் தன் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தான். திராட்சைக் கொடி படர்ந்த கம்பங்களை எண்ணினான், பிறகு பின்னாலிருந்து எண்ணினான். விரலால் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். "அண்ணே, கண்ணு செவந்திருக்கா?" என்று என்னிடம் காட்டினான். சிவக்கவில்லை. பனிமூட்டம் விலகி ஆறு தெரிந்தது. வாத்துகள் நீந்தின. அவன் அதை வாய் பிளந்து பார்த்தான். ஆரம்பித்துவிட்டதோ என்று நானே பயந்தேன். "இல்ல அண்ணே, வாத்துதான். நெஜ வாத்து" என்றான். பிறகு ஒரு பெரிய கொட்டாவி விட்டான். அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டான். இவ்வளவுதான் என்றேன். டோர்காவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டான். குளியலறைக் கதவைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "நான் முழுசா குடிச்சும் ஒண்ணும் ஆகல. அவ நாலு சொட்டு குடிச்சு எந்திரிச்சு நிக்கிறா. இத எந்தப் பட்டியல்ல அண்ணே எழுதுறது?" என்றான். அப்போது அவன் குரலில் போலீஸ்காரன் இல்லை.

எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டான். பாட்டிலை எடுத்து என் பைக்குள் அவனே செருகினான். "கெட்டுப்போன பிளம் சாராயம். ஒரு வாய் குடிச்சேன், சகிக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். போங்க" என்றான். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "பேசினீங்கன்னா புடிச்சிருவேன்" என்றான். வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது திராட்சைக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குழந்தை மாதிரித் தூங்கினானாம், அவன் மனைவி கடையில் சொல்லி ஆச்சரியப்பட்டாள்.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. அந்த மூடி ரொம்பப் பெரியது. மீதி இருப்பதை மே வரைக்கும் ஓட்ட வேண்டும். இன்னொரு முறை போக எனக்குத் தைரியம் இல்லை, கவாத்தும் முடிந்துவிட்டது. எப்படியாவது சமாளிக்கிறேன். நீ அதையே நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

கடவுள் உன் பக்கம் இருக்கட்டும். உர்பனுக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்று.

உன்
காஷ்பர்


ஸ்கலிட்சா
2021 மே 2, ஞாயிறு

என் அமாலியாவுக்கு,

இந்தக் கடிதத்தில் கெட்ட செய்தியும் இருக்கிறது, போனில் சொல்லாமல் மறைத்தேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு.

எண்ணெயை நீட்டிக்க வேண்டும் என்று நான் சொட்டுகளைக் குறைத்தேன். டாக்டரம்மாவையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை வெயில் நன்றாக அடித்தது. டோர்கா தபால் எடுக்க வாசல் கேட்டுக்குப் போனாள். கேட்டைத் திறந்தபடியே விழுந்தாள். பாதி உடம்பு நம் வாசலில், பாதி தெருவில். நான் உள்ளிருந்து ஓடி வருவதற்குள் தெருவே பார்த்துவிட்டது. ரொட்டிக்கடை வேனிலிருந்து இறங்கியவர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர் எல்லாரும் நின்றார்கள். டிராக்டர் பட்டறையில் வேலை செய்கிற ஷிமோன், அந்த நெட்டைப் பையன், சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தலைக்குக் கீழே வைத்திருந்தான். அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருந்தான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அவள் கண் விழிக்கிறவரைக்கும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஜாக்கெட்டை மறந்துவிட்டு.

அன்று நான் சாப்பிடவில்லை. வலிப்பு வந்ததைவிட, தெரு பார்த்தது எனக்குப் பெரிய இடியாக இருந்தது. எண்ணெயைப் பற்றி ஒருவரிடமும் சொல்ல முடியாது. நன்றாக இருந்த நாட்களை வெளியே காட்டிக்கொள்ள முடியவில்லை, விழுந்த நாளை மட்டும் ஊரே பார்த்தது. டோர்கா அழவில்லை. "அப்பா, சொட்டு கொறைச்சியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "இனிமே நானே எண்ணிக்கறேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டாள். ஜாக்கெட்டைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

இனி நல்ல செய்தி. நேற்று, சனிக்கிழமை, மே முதல் தேதி. சட்டம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் குற்றமாக இருந்த அதே பாட்டில், அதே எண்ணெய், விடிந்ததும் ஒன்றுமில்லாத சாதாரணச் சாமானாக ஆகிவிட்டது. பிராட்டிஸ்லாவாவில் ஒரு சர்க்கார் காகிதத்தில் ஒரு பெயரை அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் எண்ணெயைப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. எனக்குள்தான் என்னவோ பாரம் இறங்கியது. காலையில் பாட்டிலை எடுத்துத் தெருவைப் பார்த்த ஜன்னலில், வெயிலில் வைத்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். டோர்கா வந்து, "அப்பா, வெயில் பட்டா கெட்டுப் போயிரும், இருட்டுல வெக்கணும்" என்று எடுத்து உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். சட்டம் விட்டாலும் அவள் விடவில்லை. போகுமில் இன்று ஆள் மூலம் புது பாட்டில் அனுப்பிவிட்டான், இலைப்படத்தோடேயே. ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது, கல்லீரல் நன்றாக இருக்கிறது. பழைய அளவுக்கே போகும்படி டாக்டரம்மா போனிலேயே சொன்னார், இந்த முறை மருந்தின் பெயரைச் சொல்லியே சொன்னார்.

ஆனால் நான் எழுத வந்தது இதுவும் இல்லை.

ஜன்னலில் பாட்டிலை வைக்கும்போதுதான் வெளியே பார்த்தேன். நம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரம் நின்றது. பட்டை உரித்த வெள்ளை மரம், கூரையைவிட உயரம், உச்சியில் மட்டும் பச்சை, அதில் சிவப்பு நீலம் மஞ்சள் ரிப்பன்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. மே மரம், அமாலியா. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டு வாசலில் பையன்கள் நட்டுவிட்டுப் போவார்களே, அந்த மரம். நம் வீட்டு வாசலில். வருஷா வருஷம் இந்த மரங்கள் எல்லாம் மற்ற வீடுகளில்தான் நிற்கும். நீ அந்தக் காலையில் திரைச்சீலையைத் திறக்காமலேயே இருப்பாய், நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

நான் வெளியே போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். குழியைச் சுற்றி மண்ணை நன்றாக மிதித்திருக்கிறார்கள், பல பேருடைய காலடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழுந்த அதே இடம். அவள் விழுந்ததைப் பார்த்தவர்கள்தான் நட்டிருக்கிறார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரியே. சட்டம் விடிந்த பிறகு வந்தது, மரம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவள் முழுசாகக் குணமாகி நின்றால்தான் ஊர் அவளைப் பெண்ணாகப் பார்க்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மடையன் நான்.

பத்து மணி வாக்கில் உர்பன் சீருடையில் வந்தான். மரத்தை அண்ணாந்து பார்த்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான். "காஷ்பர் அண்ணே, இது ஊரடங்கு நேரத்துல நட்ட மரம். குத்தம். விசாரிக்கணும்" என்றான். யார் நட்டார்கள் என்று தெரியவில்லையே என்றேன். "எனக்கும் தெரியல. இருட்டு. நான் மரத்த நிமித்துற கயித்தைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன், மூஞ்சியெல்லாம் பாக்கல" என்றான். நான் பாட்டிலை எடுத்து வந்தேன். நிஜ பிளம் சாராயம். இந்த முறை என் கண்ணைப் பார்க்காமல் முதலில் கோப்பையைப் பார்த்தான், முகர்ந்தான், பிறகுதான் குடித்தான்.

டோர்கா தலை வாரிக்கொண்டு வெளியே வந்தாள். மரத்தடியில் நின்று ரொம்ப நேரம் மேலே பார்த்தாள். யாராக இருக்கும் என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்?" என்றாள், காது வரைக்கும் சிவந்துபோய். பிறகு துவைத்த ஜாக்கெட்டை மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் தனியாக நடந்து போனாள். திரும்பி வந்தபோது ஜாக்கெட் இல்லை. ஷிமோனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம், எண்ணெய், சொட்டு, பட்டியல் எல்லாம். இனி ஒளிக்க வேண்டியதில்லையே. அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றாள். நான் சமையலறைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

மாதக் கடைசியில் நட்ட பையன்களே மரத்தைச் சாய்க்க வருவார்கள். ஊரடங்கும் அதற்குள் தளரும் என்கிறார்கள். வழக்கப்படி நாம் மது கொடுக்க வேண்டும், டோர்கா அவர்களோடு ஆட வேண்டும். இன்று காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அப்பா, ஆடும்போது விழுந்துட்டேன்னா?" என்று கேட்டாள். அவளே சொன்னாள்: "விழுந்தா எந்திரிப்பேன். அவனுக்குத் தெரியாததா என்ன?"

அமாலியா, எப்படியாவது வந்துவிடு. அந்த அம்மாளின் பிள்ளைகளிடம் கேள், கெஞ்சு, தேவைப்பட்டால் சண்டை போடு, உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் நாம் அவளைப் பார்த்ததெல்லாம் விழுந்தால் பிடிப்பதற்காகத்தான். அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை, கண் நிலைகுத்துகிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். நேற்று அவள் அந்த ரிப்பன்களை அண்ணாந்து பார்த்தபோதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். கண் அப்படியே உன்னுடையது. ஒரே ஒரு நாள் வா. பிடிப்பதற்கு நான் இருக்கிறேன், ஷிமோனும் இருக்கிறான். நீ சும்மா நின்று அவளைப் பார்ப்பதற்காக மட்டும் வா.

உன்
காஷ்பர்